"யா, யா"

நவம்பர் 12, செவ்வாய். ஓகூஸ்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் எல்லைப்புற ஆய்வு நிலையங்களை அரசாங்கங்கள் எப்படி வளைத்தன என்று எங்கள் நிலையத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். சுவர்க் குறிப்புகளை எழுதியது நான். அமைச்சின் "கட்டளைப்படி" ஆய்வு முடிவுகள் மாற்றப்பட்டன என்று எழுதியிருந்தேன்.

இன்று இயக்குநர் என் மேசைக்கு வந்து, அந்தச் சொல்லை "விருப்பப்படி" என்று மாற்றலாம் என்றார். கண்காட்சிக்குப் பணம் தருகிற கொம்யூன், அதாவது நகராட்சி, அப்படித்தான் விரும்புகிறதாம். விருப்பம் என்ற பெயரில் ஒரு கட்டளையைத்தான் சொல்கிறோம் என்பதை அவரே கவனிக்கவில்லை.

நான் "யா, யா" என்றேன். இந்த நாட்டு மொழியில் "ஆம்". ஊரில் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே கேட்கிற எங்கள் பழக்கம். அவர் நன்றி சொல்லிவிட்டு உடனே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே நீர்?"

"கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான் யா சொன்னனான். சம்மதமெண்டு சொல்லேல்லை."

"ஓம், ஓம்" என்றார், போனைப் பார்த்தபடி.

அலுப்பாக இருக்கிறது. அதே சுவரில் என்னுடைய இன்னொரு வரியும் இருக்கிறது. அமைச்சு கேட்டதற்கு அன்றைய ஆய்வாளர்கள் சம்மதித்தார்கள் என்று. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அவர்களும் "யா, யா" என்றுதான் சொன்னார்களோ.