ரெண்டு ஜோடி ஷூவும் அப்பாவோட ‘ம்’மும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா ஆசையா எழுதுறது. நீ அங்க எப்படி இருக்கே, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, குளிருக்கு அந்தத் தடிச் சட்டையைப் போடுறியா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே. நாங்க ரெண்டு பேரும் இங்க சுகம்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போகணும், எப்பவும் அப்படித்தானே எழுதுவேன், இன்னைக்கு அந்த ஒரு வார்த்தைக்குப் பேனா வரமாட்டேங்குது. பயந்துடாதே. ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டுத்தான் இருக்கோம். அந்த நடமாட்டத்தைப் பத்தித்தான் இந்தக் கடிதமே. போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. எப்படிச் சொல்றது, நீ கூப்பிட்ட உடனே உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டு போனை மேஜை நடுவுல வச்சுக்கிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடுறார். பேசுறது நான், காவல் காக்குறது அவர். அதனாலதான் தையல் கடையில மத்தியான இடைவேளையில, கால் மடிக்க வந்திருக்கிற பேண்ட் குவியலுக்குப் பின்னாடி உக்காந்து எழுதுறேன். கடைக்காரம்மா எட்டி எட்டிப் பாக்குறா. அளவு குறிக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

உன் பெட்டி வந்து மூணு வாரம் ஆகுது. ரெண்டு ஜோடி, ஒரே அளவு, ஒண்ணு சாம்பல் நிறம், ஒண்ணு கருநீலம். கூடவே ஒன்பது நிமிஷத்துக்கு நீ பேசி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். எதுல குஷன் நாற்பது மில்லிமீட்டர், எதுல முப்பத்தெட்டு, எது ஓடுறதுக்கு, எது நடக்குறதுக்கு, எது குதிகால்லேர்ந்து உருட்டி முன்னாடி தள்ளும்னு நீ சொல்லச் சொல்ல உங்கப்பா பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். அரை அங்குலம் கூடுதா குறையுதான்னே வாழ்க்கையை ஓட்டுறவ நான், எனக்கே ரெண்டு மில்லிமீட்டருக்கு இத்தனை பேச்சான்னு இருந்துச்சு. வெளியில போடாம நடந்து பாருங்க, அடிப்பாகம் அழுக்காகக் கூடாது, பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததை முப்பது நாளைக்குள்ள திருப்பி அனுப்புங்கன்னு சொன்னே. நம்ம வீட்டுக்குள்ள எங்கடி நடக்குறது, ஆறு எட்டு வச்சா சுவர் வந்து மூக்குல இடிக்கும். அதனால நாலாவது மாடி வராந்தா முழுக்கப் பெருக்கித் துடைச்சு விட்டேன். உங்கப்பா பெரிய துரை கணக்கா நடக்க ஆரம்பிச்சார். எப்படி நடந்தார் தெரியுமா, இடது கால்ல சாம்பல், வலது கால்ல நீலம். ஒரே நேரத்துல போட்டாத்தான் வித்தியாசம் தெரியுமாம். எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் பார்த்துட்டு, என்ன சார் அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டீங்களான்னு கேட்டார். உங்கப்பா அதுக்கும் ஒரு ம் போட்டுட்டுத் திரும்பி நடந்தார். ஒரு கால் கொஞ்சம் உசரம், ஒரு கால் கொஞ்சம் பள்ளம், பாக்குறதுக்குப் படகு ஆடுற மாதிரி இருந்துச்சு. நான் வாசப்படியில நின்னு வயிறு வலிக்கச் சிரிச்சேன். இப்ப நினைச்சா அந்தச் சிரிப்பு நெஞ்சுல குத்துது.

போன வாரம் நாலு நாள் இப்படி, வேலை விட்டு வந்ததும் தினமும் அரைமணி நேரம். நாலாம் நாள் முடிவு சொல்லிட்டார், சாம்பல்தான் நல்லா இருக்கு, மெத்துன்னு இருக்கு, நீலத்தை அனுப்பிடுன்னு. எனக்கும் நிம்மதி. மறுநாள் துவைக்கிறதுக்கு அவர் சாக்ஸை உதறினேன் பாரு, இடது சாக்ஸ்ல சுண்டுவிரல் பக்கம் காஞ்ச ரத்தக் கறை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவர் குளிச்சுக்கிட்டு இருந்தார். நான் போய் அந்தச் சாம்பல் ஷூவுக்குள்ள கையை விட்டேன். விரல் நுனியில என்னமோ கரகரன்னுச்சு. இழுத்துப் பார்த்தா, ஈரம் உறிஞ்சுறதுக்காகப் புதுச் செருப்புக்குள்ள போட்டு அனுப்புவாங்களே, அந்தச் சின்னப் பொட்டலம். நசுங்கிக் கிழிஞ்சு, உள்ளே இருந்த மணியெல்லாம் விரல் இடுக்குல ஒட்டுற மாதிரி சிதறிக் கிடக்கு. நாலு நாளா அந்த மனுஷன் அதை மிதிச்சுக்கிட்டுத்தான் நடந்திருக்கார். மிதிச்சுக்கிட்டே மெத்துன்னு இருக்குன்னு சொல்லியிருக்கார். சுண்டுவிரல் ஓரம் தோல் உரிஞ்சு, சட்டைப் பித்தான் அளவுக்குப் புண்ணு. வலிக்கலையான்னு கேட்டேன். குனிஞ்சு பார்த்தார், யாரோட காலையோ பாக்குற மாதிரி பார்த்தார், அப்புறம் ம்னார். வலிக்குதுங்கிற ம்மா, வலிக்கலைங்கிற ம்மா, எனக்கு விளங்கல.

சர்க்கரை இருக்குறவருக்குக் கால்ல புண்ணுன்னா சும்மாவா. நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே. ஆஸ்பத்திரிக்கு வான்னேன், வரமாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னார். கடைசியில நான் அழுததும்தான் சட்டையை மாட்டினார். ரெண்டு ஜோடியையும் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க காலுக்குன்னே ஒரு நர்ஸ் இருக்காங்க, நல்ல பொம்பளை, சிரிக்காமலே ஜோக் அடிக்கிற ரகம். நான் விளிம்பு தைக்கிற நைலான் நூல் இருக்குல்ல, அதே மாதிரி ஒரு துண்டு நூலைக் குச்சி முனையில வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்குங்க, நூல் படும்போதெல்லாம் சொல்லுங்கன்னாங்க. உங்கப்பா கண்ணை மூடினார். அவங்க குதிகால்ல வச்சாங்க, ம். நடுப்பாதத்துல வச்சாங்க, ம். எனக்கு உயிர் திரும்பி வந்துச்சு. அப்புறம் அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு நூலை மேஜை மேல வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. காலை யாரும் தொடவே இல்லை. உங்கப்பா கொஞ்சம் பொறுத்து ம்னார். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு ம். யாருமே தொடாத காலுக்கு அவர் ம் போட்டுக்கிட்டே இருந்தார் பாப்பா. முப்பத்திரண்டு வருஷமா நான் அந்த ம்மை நம்பித்தானே குடும்பம் நடத்தினேன். பசிக்குதான்னா ம், இந்தத் திரைச்சீலை வாங்கட்டுமான்னா ம், பாப்பாவை அவ்வளவு தூரம் படிக்க அனுப்பலாமான்னா அதுக்கும் ம். நீயும் வாராவாரம், அப்பா கால் எப்படி இருக்குன்னு கேட்டு ஒரு ம் வாங்கிக்கிட்டு நிம்மதியா போனை வைக்கிறே. அந்த ரூம்ல உக்காந்திருந்தப்பதான் முதல் தடவையா அந்த ஒத்தை எழுத்துக்கு நான் பயந்தேன். ரெண்டு பாதத்துலயும் முன்பாதி முழுக்க உணர்ச்சி இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இது இன்னைக்கு நேத்து வந்ததில்லையாம்.

உனக்குச் சொல்லவே கூடாதுன்னு திரும்பி வர்ற வழியிலேயே என்கிட்ட வாக்கு வாங்கிட்டார். போன வருஷம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன்னதும் நீ போட்டது போட்டபடி ஓடி வந்தியே, அந்த மாதிரி இப்பவும் வந்துடுவேன்னு பயம். ஒரு வருஷமா பயிற்சி எடுத்த உன்னோட பெரிய ஓட்டம் அடுத்த மாசம், அது கெட்டுடும்னு பயம். வாக்குக் கொடுத்தேன், இதோ மீறிக்கிட்டும் இருக்கேன். ஏன்னு கேளு. டாக்டர் அவருக்கு ரெண்டு வாரம் நடக்கவே கூடாதுன்னு லீவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நேத்து அவர் சட்டையை ஊறப் போடுறப்போ பாக்கெட்டைத் துழாவினா, அந்தச் சீட்டு நாலா மடிச்சபடி அப்படியே இருக்கு. ஆபீஸ்ல கொடுக்கவே இல்லை. மீட்டர் ரீடிங் எடுக்குற பையை மாட்டிக்கிட்டு ரெண்டு நாளா போயிட்டு வந்திருக்கார். ஒரு நாளைக்கு நூத்தைம்பது வீடு, படி ஏறி இறங்கி, தண்ணி மீட்டர் மூடியைத் தூக்கி, குனிஞ்சு நிமிர்ந்து, அந்தப் புண்ணுக் காலோட. கேட்டா, ரவுண்டை வேற ஆளுக்கு மாத்திட்டா என்னைக் கவுண்ட்டர்ல உக்கார வச்சுடுவாங்க, உக்காந்தா நான் செத்துடுவேன்னார். அவ்வளவு நீளமா அவர் பேசி எத்தனையோ நாளாச்சு. எனக்குக் கோவமா அழுகையான்னே தெரியல. முன்னெல்லாம் காலையில அவர் பறக்குறப்போ, கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிக்காதீங்கன்னு திட்டுவேன். இப்ப அந்தப் பேச்சை எடுக்கவே வாய் வரல, நிஜமாவே ஊத்தினாலும் தெரியாதேன்னு.

ஷூ விஷயத்தை இன்னும் முடிக்கல. அந்த நர்ஸ் ரெண்டையும் வளைச்சு முறுக்கிப் பார்த்தாங்க. சாம்பல் நல்ல ஷூதான், உங்க பொண்ணு மாதிரி ஓடுறவங்களுக்கு, தரை தெரியுற காலுக்கு. இவருக்கு அது ரொம்ப உசரம், ரொம்ப மெத்து, எங்க மிதிக்கிறோம்னு தெரியாத காலை அது இன்னும் தடுமாற வைக்கும், நீலம்தான் அடி அகலம், விரலுக்கு இடமும் தாராளம்னாங்க. நான் என் பங்குக்கு ரெண்டுக்குள்ளயும் விரலை விட்டுத் தடவினேன். சாம்பல்ல சுண்டுவிரல் படுற இடத்துல உள்தையல் ஒண்ணு மேடா நிக்குது, அரிசி கனம்கூட இருக்காது. தையல்காரி விரலாச்சே, தப்புமா. நீலத்துல அப்படி ஒண்ணும் இல்லை, வழவழன்னு இருக்கு. அந்தம்மா தானும் தொட்டுப் பார்த்துட்டு, இனிமே தினமும் நீங்களே கையை விட்டுப் பார்த்துட்டு அப்புறம் இவரைப் போடச் சொல்லுங்கன்னாங்க. இவ்வளவு ஆனப்புறமும் உங்கப்பா சாம்பல்தான் வேணும்னு அடம். ஏன்யா, காலே தெரியலை, மெத்து எங்கேர்ந்து தெரிஞ்சுதுன்னு கத்திட்டேன். அவர் மெதுவா, பாப்பா அதைத்தான் போட்டுக்கிட்டு ஓடுறாளாம், அந்த வாய்ஸ் மெசேஜ்ல சொன்னாளேன்னார். நான் போய் முகம் கழுவிக்கிட்டு வந்தேன். திருப்பி அனுப்ப இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டார், நீ ஒரு வார்த்தை சொல்லு, நீலத்தைப் போடுங்கப்பான்னு. அந்தக் கால் போயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்குடி, வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

கடையில இதுவரைக்கும்தான் எழுத முடிஞ்சுது, பொத்தான் வைக்க ஆள் வந்துட்டாங்க. மிச்சத்தை வீட்டுல சமையல் மேஜையில உக்காந்து எழுதுறேன். எழுத உக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல, கதவு திறக்குது, உங்கப்பா. வழக்கமா வர்ற நேரத்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. கடிதத்தை மறைக்கத் தோணல, முகத்துல ஈயாடல எனக்கு. பையைக் காணோம். எங்கேன்னு கேட்டேன். கொடுத்துட்டேன்னார். சீட்டையும் கொடுத்துட்டாராம், பையையும் கொடுத்துட்டாராம். என்னாச்சுன்னு கேட்டேன். மூணாவது தெருவுல ஒரு வீட்டுப் படியில கால் வச்சிருக்கேன்னு நினைச்சிருக்கார், வைக்கல. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டதால விழல. அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு நேரா ஆபீஸுக்குப் போயிட்டாராம். அப்புறம் என் கையில இருந்த காகிதத்தைப் பார்த்து, பாப்பாவுக்கான்னார். ஆமான்னேன். திட்டுவார்னு நினைச்சேன். படிக்கக் கொடுன்னு வாங்கி, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சார். படிச்சு முடிச்சுட்டு, கடைசியில கொஞ்சம் இடம் விடுன்னார். உங்கப்பா எழுதுறேன்னு கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அதனால சுருக்கமா முடிக்கிறேன். நீ ஓடி வரக் கூடாது, அது எங்க ரெண்டு பேரோட முடிவு. புண்ணைத் தினமும் துடைச்சுக் கட்டுறேன், வியாழக்கிழமை திரும்பக் காட்டணும், காட்டிட்டு உனக்கு உள்ளது உள்ளபடி சொல்றேன். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, இனிமே போன்ல அப்பா எப்படி இருக்கீங்கன்னு கேக்காதே, ம் போட்டு முடிச்சுடுவார். இன்னைக்கு உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடியைப் பிடிச்சுப் பார்த்தீங்களா, எந்த விரல் எப்படி இருந்துச்சு, புண்ணு எந்த நிறத்துல இருக்குன்னு கேளு. ம்னு பதில் சொல்ல முடியாத கேள்வியாப் பார்த்துக் கேளு. நீயும் இருட்டுல தனியா ஓடாதே, ஓடுறதுக்கு முன்னாடி உன் ஷூவுக்குள்ளயும் ஒரு தடவை கையை விட்டுப் பாரு, சிரிக்காதே. சித்திக்கு ஒரு போன் போடு, நீ மறந்துட்டேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. நீ நோய்நொடி இல்லாம, போற இடமெல்லாம் கால் ஊனி நல்லபடியா இருக்கணும் கண்ணு. ஓட்டத்துல முதல்ல வரணும்னு இல்லை, முழுசா வந்து சேரு, போதும்.

எப்பவும் உன் நினைப்பா இருக்குற
அம்மா

பாப்பா, நீலத்தையே வச்சுக்கிறேன். நீ போடுறது மாதிரி இல்லை, பரவாயில்லை. போன மழைக்காலத்துலேர்ந்தே கால் தெரியல. சொல்லத் தெரியல. பயமா இருக்கு. நீ ஓடும்போது உனக்குத் தரை நல்லாத் தெரியுதான்னு அப்பாவுக்கு எழுது.