மேல்தட்டுப் பேய்ப்படம்

மச்சான்,

மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

காலையில் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டும்போது சொன்னீர்கள்: "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் கடையில வேலை. நீ வீடியோ போட்டுப் பாரு. அலமாரியில கீழ்த்தட்டுல கடல், காடு, புதையல் படம்லாம் இருக்கு. மேல்தட்டு பேய்ப்படம், தொடாதே. பயந்துடுவே லா."

திருடனுக்காகத்தான் பூட்டு என்பீர்கள். உங்களைக் கல்யாணம் பண்ணி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து நாலு வருடம். திருடனும் உள்ளே வரவில்லை, நானும் தனியாக வெளியே போகவில்லை.

புதையல் படம் போட்டேன். எல்லாரும் கப்பலில் எங்கெங்கோ போய்க்கொண்டே இருந்தார்கள். எரிச்சலில் நிறுத்திவிட்டு, மேல்தட்டிலிருந்து ஒரு பேய்ப்படத்தை எடுத்தேன். டப்பாவைத் திறந்தால், கேசட்டோடு கிரில்லின் இரண்டாவது சாவி. தொலைந்துபோச்சு என்றீர்களே, அதே சாவி.

கிள்ளானில் என் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்குப் போகிறேன். எப்போது வருவாய் என்று கேட்டு ஃபோன் பண்ண வேண்டாம்.

சபூரா

ஆணத்தில் உப்பு கொஞ்சம் குறைவு, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தப் பேய்ப்படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பயமே வரவில்லை. அந்தப் பேய்கூடக் கதவை உள்ளேயிருந்துதான் சாத்துகிறது.