கயலுக்காக இறக்கிய முடி

அன்புள்ள அப்பா,

செத்தவர்கள் எங்கேயும் இருப்பதில்லை, அவர்களுக்கு எதுவும் கேட்காது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஆகவே உனக்குக் கடிதம் எழுதுவதே உன் பேச்சை மீறுவதுதான். அதைவிடப் பெரிதாக ஒன்றை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் கயலுக்கு டெங்கு வந்தது. உன் பேத்தி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், என்னைவிட உயரம். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஞ்சியும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஈறில் ரத்தம் கசிந்ததும் பயந்துபோய் கோலாருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். என் வீட்டுக்காரர் ரத்தத்துக்காக அலைந்தார். நான் மட்டும் கட்டிலருகே இருந்தேன். கயலின் கை சில்லிட்டிருந்தது.

என் வாய் தானாகப் பேசியது. “மாரியாத்தா, இவள எனக்குக் குடுத்துடு. உன் கோயில்ல இவளுக்கு முடி எறக்கறேன்.”

உன் பெண், அப்பா. நீ வளர்த்த பெண்.

சித்தப்பா செத்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீயும் அவரும் காப்புக் கட்டி, மாரிகுப்பம் கோயிலில் தீ மிதித்தீர்கள். அடுத்த வாரமே தங்கச் சுரங்கத்தில் அவர் வேலை செய்த லெவலில் ஏர்பிளாஸ்ட். பூமிக்கடியில் பாறை வெடித்து, உன் தம்பியை ஆளேற்றும் கேஜில் பிணமாக மேலே கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்ததும் சுவரிலிருந்த சாமி படங்களை எல்லாம் கழற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய். அம்மா அழுதாள். “கும்புட்டவனக் காப்பாத்தல. இனிமே இந்த வூட்ல யாரும் பயந்துக்கினு கும்புட வேணாம்” என்றாய்.

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையானபோதும் நீ அசையவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு வேண்டுதலாவது வை என்று கெஞ்சினார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாய் அப்பா? அதை மட்டும் ஏன் எனக்குச் சொல்லித்தரவில்லை?

கயல் பிழைத்துக்கொண்டாள். டாக்டரும் நர்சுகளும் காப்பாற்றினார்கள், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வாய்விட்டுச் சொன்ன சொல் என்னை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரும்போது மெதுவாகச் சொன்னேன்.

“இன்னாம்மா நீ? என் தல அது. என்னக் கேக்காம எப்டி வேண்டிக்கின?”

“கேட்டா பேசற நெலமையிலியா நீ இருந்த?”

“டாக்டர் பாத்தாரு, அப்பா ரத்தம் ஏற்பாடு பண்ணாரு. சாமி இன்னா பண்ணுச்சி? தாத்தா இருந்தா உட்டிருப்பாரா?”

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. உன்னையே அடிக்கப் போவது போல இருந்தது. நீ எனக்கு ஊட்டியது என்னிடம் தங்காமல் நேராக அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் ஒரு தும்மல் போட்டாலும் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கோயிலுக்குப் போனேன். “யாருக்கும்மா வேண்டுதல்?” என்று முடி இறக்குபவர் கேட்டார். “எனக்குத்தாண்ணா” என்று அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தேன்.

பயத்தைத் தீர்க்கத்தான் போனேன், பக்தியால் இல்லை என்று உன்னிடம் சமாதானம் சொல்லலாம். அது பொய்யாகிவிடும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அம்மன் முன்னால் நின்றபோது மனசு லேசாக இருந்தது. நன்றி சொல்லத் தோன்றியது. சித்தப்பாவைக் காப்பாற்றாதவளுக்கு நன்றி! அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கயல் அப்படியே நின்றாள்.

“எனக்கு பதிலாவா? நான் மாட்டேன்னதாலியா?” என்று கேட்டவள் ஓவென்று அழுதாள்.

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை, அப்பா. அவளுக்குச் சாமியைக் கொடுக்க முடியாமல், வாழ்நாளுக்கும் ஒரு பாரத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். “இல்லடி, இது என் பயம். உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிட்டே வந்து என் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“இனிமே வேண்டிக்கினா உன் தலைய மட்டும் வேண்டிக்கோ. அது உன் இஷ்டம். என் தலைய உட்டுடு.”

வேலைக்குப் போகிற பெங்களூர் ரயிலில் கூட வருகிற பெண்கள், “திருப்பதியா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டி வைக்கிறேன். உண்மையைச் சொன்னால் உன்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அவளைக் கேட்காமல் அவளுக்காக எந்தச் சாமியிடமும் வாக்குக் கொடுக்க மாட்டேன். நீ ஏன் படங்களைக் கழற்றினாய் என்பதையும், நான் ஏன் கோயிலுக்குப் போனேன் என்பதையும் ஒன்றும் மறைக்காமல் அவளுக்குச் சொல்வேன். எந்தப் பக்கம் போவது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும், வழியில் நின்று மறிக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் உன்னையும் சாமியாக்கிவிடுவேன். அதனால் கேட்கவில்லை.

பயந்துபோய்க் கும்பிட்ட
உன் பெரிய பொண்ணு,
மலர்