கொடும்பாவிக்கு ஒரு சட்டை

கிருஷ்ணகிரி
22.5.1998

அன்பு மகள் சம்பங்கிக்கு அம்மா எழுதுவது. தோப்பில் நிற்கும் மாமரங்களைத் தவிர இங்கே எல்லோரும் நலம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் நலமாயிருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, ஆனாலும் ஓசூர் போகிற கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்காருவேன் என்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா அவர். நீயும் பனிக்கட்டியைத் துளைத்துப் பழைய காலத்துக் காற்றைத் தேடுகிறேன் என்று சோறு தண்ணீரை மறந்துவிடாதே.

உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மாம்பூவெல்லாம் கருகி, இருந்த பிஞ்சும் வெயிலில் கொட்டிவிட்டது என்று நான் எழுதியதற்கு, கவலைப்படாதே அம்மா, பூமி இதற்கு முன்னாலும் பலமுறை சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது, நான் இருக்கும் ஊரே ஒரு காலத்தில் மலையளவு பனிக்கு அடியில் கிடந்தது என்று பதில் போட்டாய். என்னைத் தேற்ற நினைத்தாய், சரி. அதை உன் பெரியப்பா முனிராஜ் பிடித்துக்கொண்டார். ஊர்க் கூட்டத்தில், படிச்ச பொண்ணே எழுதியிருக்குது, பூமி தன்னால சூடாவும் தன்னால ஆறும், யாரு மேலயும் குத்தம் இல்ல, காய்க்காத மரத்த வெட்டிட்டு எடத்தக் கேட்டு வர்ற கம்பெனிக்காரனுக்குக் குடுத்துடலாம் என்றார். என் அப்பா எனக்கு எழுதிவைத்த தோப்பும் சேர்ந்து வந்தால்தான் பக்கத்திலிருக்கும் அவர் நிலத்தையும் வாங்குவார்களாம், அதுதான் அவருக்கு இத்தனை அக்கறை.

அதே கூட்டத்தில்தான் மழைக்காகக் கொடும்பாவி இழுக்கவும் முடிவானது. வைக்கோலில் ஆள் கட்டி, மழையை நிறுத்திய பாவி இவன்தான் என்று தெருத்தெருவாய் இழுத்துப்போய், பெண்கள் மாரடித்து அழுது, கடைசியில் சுடுகாட்டில் கொளுத்துவோமே, அதற்கு முதல் ஆளாய்க் கயிறு வாங்கி வந்தவரும் உன் பெரியப்பாதான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, யாரு மேலயும் குத்தம் இல்லன்னு இப்பத்தான சொன்னீங்க மாமா, அப்புறம் எந்தப் பாவிய இழுக்கப் போறோம் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு சாந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பொங்கலுக்கு வந்தபோது நீ என்னிடம் சொன்ன மீதியையும் அங்கேயே சொன்னேன். பனிக்காலம் முடிந்து பூமி சூடாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆனது, காடுகள் விதை விதையாய் இடம் மாறிப் பிழைக்க அவகாசம் இருந்தது, இப்போதோ ஒரு ஆள் ஆயுசுக்குள் இத்தனை வேகமாய்ச் சூடு ஏறுகிறது, அதுவும் நாம் விடுகிற புகையால் என்றேன்.

பெரியப்பா விடவில்லை. அப்படின்னா பாவி உன் புருஷன் இரும்பு உருக்குற கம்பெனிதானா, அந்தச் சம்பளத்துலதான உன் பொண்ணு கனடா போனா என்று கேட்டுவிட்டார். சுருக்கென்று தைத்தது, பொய்யில்லையே. நேரே வீட்டுக்கு வந்து கொடியில் காய்ந்த அப்பாவின் கம்பெனிச் சட்டையை எடுத்துப்போய், அதற்குள் அங்கே கட்டி முடித்திருந்த வைக்கோல் ஆளுக்கு நானே மாட்டிவிட்டேன், எங்க பங்குக்கு இது இருக்கட்டும், மத்தவங்க பங்கையும் கொண்டாங்க என்றேன். அந்தச் சட்டையைப் பார்த்த அப்பா, அவரே வந்து கயிற்றைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் கொடும்பாவிக்கு ஒப்புக்குத்தான் அழுவேன், இந்த முறை நிஜமாகவே அழுகை வந்தது சம்பங்கி.

மழை வரவில்லை, வராவிட்டால் போகட்டும். எங்கள் மேலும் குற்றம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன், அதற்காக மரத்தை வெட்டு என்றால் அது எந்த ஊர் நியாயம். குற்றம் உள்ளவள்தான் மரத்தைக் காப்பாற்றவும் வேண்டும். நானும் அப்பாவும் ஒன்றுவிட்டு ஒரு நாள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறோம், என் இடுப்பு ஒடிந்தாலும் அந்தத் தோப்பில் கோடாலி விழாது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், தலைக்கு எண்ணெய் வை, நல்லபடியாக நூறு வருஷம் இரு. இனி எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துப் பாதியை மட்டும் எழுதாதே, உன் அம்மா முழுசையும் தாங்குவாள். பெரியப்பா விற்பனைப் பத்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு என் கையெழுத்துக்காகத் தினமும் வந்து உட்காருகிறார். அவருக்குக் கிடைக்காததை உனக்குப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. நாராயணம்மா