நடைப்பழக்கம் இல்லை

மம்சாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

பிரியமுள்ள ஜெயபாண்டி அண்ணனுக்கு,

மாரிச்செல்வி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நலமா என்றால், எனக்கே சொல்லத் தெரியவில்லை.

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் கடிதம். மாரிசாமி சித்தப்பா அடுத்த வாரம் குவைத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவின் மறதி நீ நினைப்பதைவிட அதிகம். ஷிப்ட் முடிந்து வேறு ஊருக்குப் போகிற மில் வேனில் ஏறி, தேவதானத்தில் இறங்கித் திகைத்து நின்றிருக்கிறாள். இரண்டு தடவை. அதன் பிறகுதான் இராஜபாளையம் மில்லில் இனி வர வேண்டாம் என்றார்கள். அவளே நின்றுவிட்டதாக உன்னிடம் சொன்னேன். பொய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். எக்சர்சைஸ், வாக்கிங் உண்டா என்று கேட்டார். "அதுக்கெல்லாம் எனக்கு ஏது தாயி நேரம்" என்று அம்மா சிரித்தாள். அவர் சீட்டில் 'நடைப்பழக்கம் இல்லை' என்று எழுதினார். இருபத்தாறு வருடம் மிஷின்களுக்கு நடுவே அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடந்தவள். ஒரு ஷிப்டுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். சீட்டை அங்கேயே கிழித்துப் போடலாம் போல வந்தது. மாத்திரையும் அதில்தான் எழுதியிருந்தது.

தினமும் அரை மணி நேரம் கைவீசி நடந்தால் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், ஞாபகத்துக்கும் நல்லது என்றார். போனில் தேடிப் படித்தேன். ஒரு இடத்தில் அவர் சொன்னதுதான் இருக்கிறது. இன்னொரு இடத்தில், வேலைக்காக நடப்பது அதில் சேராது என்பது போல இருக்கிறது. இது முதலாளிக்கு நடப்பது, இது நமக்கு நடப்பது என்று காலுக்குத் தெரியுமா அண்ணா? பஞ்சுத் தூசியும் இரைச்சலும் ராத்திரி ஷிப்டும் என்ன செய்திருக்கும் என்று யாரும் கேட்கவே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இருந்தாலும் காலையில் கூட்டிப்போகிறேன். கண்மாய்ப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று திரும்பிவிடுகிறாள். மறுபடி அதே தூரம், மறுபடி திரும்புகிறாள். மில்லில் அவள் பார்த்த மிஷின் நீளம் அவ்வளவுதான். பால் ஊற்றப் போகிற பாண்டி மாமா, "ஏட்டி நாகஜோதி, ரோடு அங்கிட்டும் கெடக்குல்லா" என்று கேலி பண்ணினார். முதலில் நானும் சிரித்தேன்.

ஆனால் அப்படி நடக்கும்போதுதான் தெளிவாகப் பேசுகிறாள். என்னிடம் அல்ல. பக்கத்து மிஷினில் நின்ற யுவராணி என்று என்னை நினைத்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை சொன்னாள்: "எம் மவ மாரிச்செல்விய மட்டும் இந்த மில்லுப் பக்கம் அண்டவிட மாட்டேன்ட்டி. அம்புட்டுப் புத்தி அவளுக்கு. பரிச்ச எழுதி ஆபீசுல உக்காருவா, பாத்துக்கோ." நான் "சரிக்கா" என்றேன்.

அண்ணா, நான் அந்த மில்லில்தான் சேர்ந்திருக்கிறேன். இருபது நாள் ஆகிறது. மத்தியான ஷிப்ட். கம்ப்யூட்டர் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு மணி நேரம் நடந்துவிட்டு வந்து குரூப் ஃபோர் புத்தகத்தைத் திறந்தால், ஒரே பக்கத்தை நாலு தடவை படிக்கிறேன். ஒன்றும் நிற்பதில்லை. களைப்பா, இல்லை அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் தொடங்குகிறதா? நடந்தால் மூளை நன்றாக இருக்கும் என்றார்களே.

அடுத்த மாதம் முதல் எனக்குக் காலை ஷிப்ட். அப்போது அவளோடு நடக்க ஆள் இல்லை. காலையானால்தான் வெளியே கிளம்பப் பார்க்கிறாள்; தனியாக விட்டால் மில் வேன் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவாள். அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன்.

லீவு இல்லை என்று மட்டும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடு. அவளோடு நட. அவள் திரும்பினால் நீயும் திரும்பு. உன்னை யாராக நினைத்தாலும் அவராகவே இரு. மாரிச்செல்வி எங்கே என்று கேட்டால், வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் தங்கை,
மாரிச்செல்வி