அளந்தவளிடம் என்ன சொல்ல, அஞ்சலை?

வாயாடித் தங்கமே, அஞ்சலை,

நீ போய் இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உன் மெஷினைப் பழைய புடவையால் மூடியிருக்கிறேன். அது கண்ணில் படக்கூடாது என்று நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிரில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. நீ திட்டுகிற திட்டையும் சேர்த்து இப்போது நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபப்படத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் இந்த விஷயத்தை உன்னை விட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்? நீ செத்துப்போனது வைதேகிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம், அஞ்சலை. நாங்கள் சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷம் இந்த மயிலாப்பூர்ச் சந்தில் ஒரே கடையில் மூன்று பேராக ஜாக்கெட் தைத்தோம். வைதேகி அளவெடுப்பாள், நான் வெட்டுவேன், நீ தைப்பாய். மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து ஊர் உலகத்துப் புராணக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைப்பாய். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. விழாத பாதியை நீயே இட்டுக்கட்டி எங்களுக்குச் சொல்வாய்.

ஒருநாள் சட்டென்று மெஷினை நிறுத்தினாய். "கனிக்கா, கிரீஸ் தேசத்துல மூணு பொம்பளைங்க கீறாங்களாம். ஒருத்தி நூல் நூக்கறா, ஒருத்தி அளக்கறா, ஒருத்தி கத்திரியால கட் பண்றா. அந்த நூலுதான் மன்சனோட உசுராம். அப்டியே நம்ம கடை மேரியே இல்ல?"

"அப்போ உசுரை எடுக்கிறவ நானாட்டி?" என்று கத்திரியை மேஜைமேல் டொக்கென்று வைத்தேன்.

"இன்னா பண்றது, உன் மூஞ்சிக்கு அதான் செட் ஆவுது" என்றாய். கழுத்தில் டேப்போடு நின்ற வைதேகி, "அவளும் இப்படித்தான் எந்நேரமும் முறைச்சுண்டே இருப்பாளா, கேட்டுச் சொல்லுடி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு ஜாக்கெட் கையை ஒரு இஞ்சு கூட்டி வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே ஒற்றைக் கண்ணை மூன்று பேரும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு உலகத்தைப் பார்க்கிற கிழவிகளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அம்மாடி, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! ஊசியில் நூல் கோக்க நம் மூன்று பேருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடிதானே. அதற்கப்புறம் கண்ணாடி வேண்டுமென்றால், "ஏ கிழவி, கண்ணைக் குடு" என்றுதான் கேட்டுக்கொண்டோம்.

அப்படித்தான் உனக்கு மூன்று என்கிற எண்மேல் பைத்தியம் பிடித்தது. பாதாளத்து வாசலில் மூன்று தலை நாய். பனி கொட்டுகிற தேசத்தில் உலகத்தையே தாங்குகிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற மூன்று பெண்கள். நம் ஊரில் படைக்க, காக்க, அழிக்க மூன்று பேர். "அந்த நூல் மேல சாமிக்கே அதிகாரம் கெடையாதாம்க்கா" என்று ஒருநாள் சொன்னாய். சாமிக்கே இல்லாதபோது நமக்கென்ன என்று நான் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாமிகள் மூன்று பேராக இருக்கலாம். நம் வீடுகளில் மட்டும் மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக்கூடாது. வைதேகியை முதன்முதலாக அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, "மூணு பேராப் போனா உருப்படாதுடி, கண்ணன் வரட்டும்" என்று அவள் தன் மகனுக்காகக் காத்து நின்றாள். நீ கீழே கிடந்த ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து என் பையில் போட்டு, "நாலாவது ஆளு வந்துட்டான், ஏறுங்க" என்றாய். ஆட்டோ பாதி வழி போனதும், என்ன மூடத்தனம் என்று அதை எடுத்து நான் வெளியே வீசினேன். வயிற்றில் கட்டி என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். கல்லால் கட்டி வருமா? வராது. எனக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் இப்போது என் கண் தரையைத்தான் பார்க்கிறது. இந்தப் புத்தியை என்ன செய்வது, சொல்லு.

அன்றிலிருந்து நமக்கு வைதேகி கவலைதான். காலையில் குப்பத்திலிருந்து கடையில் வந்து நின்றதும், "அய்ரூட்டம்மா எப்டிகீது?" என்றுதான் கேட்பாய். உனக்கு ஒன்று வரும் என்று யாராவது நினைத்தோமா? அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். "நெஞ்சு ஒரு மேரி கீதுக்கா" என்றாய். டீ குடிக்காமல் வந்திருப்பாய் என்று உன்னை அதட்டினேன். அதட்டினேனே, பாவி!

ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தாய். அந்தக் கதையில் வெட்டுகிறவளுக்கு எப்போது வெட்டுவது என்றாவது தெரியும். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. முன்னால் பஸ், பின்னால் லாரி. "சீக்கிரம் போப்பா, சீக்கிரம் போப்பா" என்று கத்தினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். சிக்னல் விழுவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்ததும் கண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆன்ட்டி, அம்மாகிட்ட இப்போ சொல்லிடாதீங்கோ. இன்னும் ரெண்டு தடவை மருந்து ஏத்தணும். இதைக் கேட்டா தாங்க மாட்டா." பிள்ளை அழுதான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தலையாட்டினது சுலபம். தினமும் மத்தியானம் அடையாறுக்குப் போய் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்கிறவள் நான். உனக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு உன் மகளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். போன் உடைந்துவிட்டது என்றேன். "ஒரு வார்த்தை பேசச் சொல்லேன், அவ சிரிப்பு சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு" என்றாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சரி சரி என்றேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? சொல்லியிருப்பாயா?

அவளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, மாம்பழக் கலரில்? உடம்பு வற்றிப்போய், இருக்கிற ஜாக்கெட்டெல்லாம் தோளிலிருந்து நழுவுகிறது என்றாளே, அதற்காக. வெட்டின துணி உன் மெஷின் பெட்டியில் அப்படியே இருந்தது. அதைக் கொடுத்தால் நீ உயிரோடு இருப்பதாக நம்பிவிடுவாள் என்று எனக்கு ஒரு கூறுகெட்ட யோசனை. உன் மெஷினில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மெஷினை இரவல் கேட்டு நானே தைத்தேன். நேற்று எடுத்துக்கொண்டு போய், "அஞ்சலை கொடுத்தனுப்பினா" என்றேன்.

அவள் அதை வாங்கி உடனே உள்பக்கம் திருப்பினாள். இத்தனை வருஷப் பழக்கம், முதலில் உள்பக்கத்தைத்தானே பார்ப்பாள். விரலால் பக்கத் தையலைத் தடவிக்கொண்டே போனாள். கண்ணன் டீ வாங்கக் கீழே போயிருந்தான்.

"ஒரே தையல்தான் போட்டிருக்கு" என்றாள்.

நீ எந்த ஜாக்கெட்டுக்கும் பக்கத்தில் இரண்டு இஞ்சு துணி விட்டு மூன்று தையல் போடுவாய். உடம்பு வைத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பாய். நான் அந்த இரண்டு இஞ்சையும் வெட்டி எறிந்துவிட்டு, அவள் எலும்போடு எலும்பாக ஒரே தையல் போட்டிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை, அஞ்சலை. சத்தியமாக யோசிக்கவே இல்லை. என் கை அதுவாக முடிவு பண்ணிவிட்டது.

"நான் மறுபடி குண்டாக மாட்டேன்னு அஞ்சலை நெனைக்கவே மாட்டா, கனி. இது நீ தைச்சது." ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ எப்போ போனா?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோ, சிக்னல், நான் உன்னை அதட்டினது, எல்லாம். அந்த ஜாக்கெட்டை முகத்தில் அழுத்திக்கொண்டு சத்தமே வராமல் அழுதாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்னு கண்ணன்கிட்ட சொல்லிடாதே. குழந்தை தாங்க மாட்டான்" என்றாள்.

அவன் டீயோடு உள்ளே வந்தான். அவள் நன்றாகக் குரலெடுத்து, "ஏண்டா கண்ணா, இந்த அஞ்சலை ஏன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்கறா?" என்று கேட்டாள். "வருவாம்மா, அவளுக்கு இன்னும் ஜுரம் விடலை" என்றான் அவன். நான் டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டது. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்ற இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள். இரண்டு பொய்யையும் சுமந்துகொண்டு நடுவில் நான். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

இன்றைக்கு மறுபடியும் மாம்பழக் கலரில் துணி வாங்கி வந்திருக்கிறேன். உன் மெஷின் மேலிருக்கிற புடவையை எடுத்துவிட்டு அதில்தான் தைக்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் மறுபடி உடம்பு தேறுவாளா என்று டாக்டரைக் கேட்டால் பார்க்கலாம் என்கிறார். சாமியைக் கேட்டால் அதுவும் பேசவில்லை. எனக்குத் தெரியாது, அஞ்சலை. ஆனால் உன்மேல் சத்தியமாக, இந்தத் தடவை இரண்டு இஞ்சு துணி விட்டு மூன்று தையலும் போடுகிறேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
கனி