இடப்பக்கத்து ரயர்

வரணி,
ஐப்பசி 9, ஞாயிறு.

அன்புள்ள மகன் தேனுஜனுக்கு,

போன வியாழக்கிழமை கொடிகாமத்தில் பேதுரு அண்ணையின் ரயர் கடை வாசலில் நான் ஒரு வசனம் சொல்லாமல் நின்றேன். ‘ரண்டு பொட்டும் வெளியிலை தெரியவேணும் எண்டு சொன்னது நான்தான்’ என்பது அந்த வசனம். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் உன்னிடம் சுகம் கேட்க முடிகிறது. இங்கே அப்பாவின் உடம்புக்கும் என் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், ஆனால் வீடியோவில் உனக்குப் பின்னால் தெரியும் அடுப்பு எப்போதும் துடைத்தபடி பளிச்சென்று இருக்கிறது. சமைக்கிற அடுப்பு அப்படி இருக்காது. இருமல் இல்லை என்று சொல்லிவிட்டு நடுவில் சத்தத்தை நிறுத்துகிறாயே, அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு ‘அதை எடுத்துவிடு’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். நீ ‘ஏன், அப்பாதானே சொன்னவர்’ என்று கேட்டாய். நான் பதில் போடவில்லை. நீ எங்கள் ஊர்க்காரரின் குழுவில் பேதுரு அண்ணையின் கடைப் படத்தைப் போட்டு, சேற்று ரயர் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், எல்லோரும் அவதானம் என்று எழுதியதைச் சொல்கிறேன். ஏன் என்பது இரண்டு வரியில் எழுதக்கூடியது அல்ல, எழுதினாலும் என் போனை அப்பா கண்ணாடி போட்டு வாசிப்பார், கதைத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முற்றத்தில் நிற்கிறவர்களையும் கூப்பிடுவார். அதனால்தான் கடிதம். தபாலில் வர இரண்டு மூன்று கிழமை ஆகலாம். வந்த பிறகும் நீ ஒருவனாக இருந்து வாசி.

இந்த வருஷம் மழை எங்களை ஏமாற்றிவிட்டது. புழுதியில் விதைத்துவிடலாம் என்று அப்பா காத்திருக்க, புரட்டாதி முடிய முன்னமே ஊற்றிப் பன்னிரண்டு பரப்பு வயலும் சேறாகிவிட்டது. இனிச் சேற்றில் உழுதுதான் விதைக்க வேண்டும், அதற்கும் நாள் அதிகம் இல்லை, தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டால் இந்தப் போகம் எங்களுக்கு இல்லை. சித்திரையில் வாங்கிய அந்தச் சின்ன ரக்ரர் தோட்டத்துக்குள் நன்றாக ஓடியது, ஆனால் அதனோடு வந்த ரயர்கள் மண்ணைப் பிடிக்கிற கட்டைகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன, வயல் வரம்பில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே சுற்றின. அகல ரயர் போட்டால் புதையாமல் மேலே நிற்கும் என்று நீ ஏதோ வீடியோ பார்த்துச் சொன்னாய். நான் அதை நம்பவில்லை, அந்த வீடியோவில் இருந்த நிலம் புல் நிலம். இரும்புச் சில்லு மாட்டினால் தார் வீதியில் ஏற முடியாது. எங்கள் வயலில் ஒரு சாண் சேற்றுக்குக் கீழே இறுகிய களி இருக்கிறது, ஒடுக்கமான ரயர், உயரமான கட்டை, அது சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் அந்தக் களியைப் பிடித்தால்தான் மெசின் நகரும் என்று பேதுரு அண்ணை சொன்னார். காற்றையும் வீதிக்கு அடிக்கிற அளவுக்கு அடிக்காமல் கொஞ்சம் குறைத்துவிடச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அப்பா உடனே ஓம் என்றார். எனக்கு ஒருவர் சரியாகச் சொன்னால்தான் அதிகம் சந்தேகம் வரும்.

பின்சில்லுக்கு இரண்டு ரயர் பேதுரு அண்ணைதான் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். ரயரின் ஒரு பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் செய்த கிழமை, பின் இரண்டும் வருஷம். இதை நான் நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் வாசித்திருந்தேன். அவருடைய கடைக்குள் இருட்டு, குனிந்து வாசித்தால் அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போலாகும். அதனால் முதலில் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு மாட்டுவோம் என்றேன். அப்பாவுக்கு என் பக்தியில் ஆச்சரியம். பக்கத்து வயல் நாகலிங்கத்தாரின் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், இலக்கம் இருக்கிற பக்கம் மேலே வரும்படி இரண்டையும் நானே கிடத்தினேன். ஐயர் மேலே தெரிந்த பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் கும்பிடுகிற சாட்டில் வாசித்தேன், இரண்டிலும் 1125, இந்த வருஷம் பதினோராம் கிழமை. மனம் ஆறியது. ஆனால் மாட்டுவதற்கு அடுத்த நாள்தான் நேரம் என்று பேதுரு அண்ணை சொல்ல, ரயர்கள் அன்றிரவு அவருடைய கடையில் கிடந்தன. எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் அப்பா முன்கடையில் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார், நான் கடை மர வாங்கில் இருந்தேன். ஒரு ரயரை அவர் பொட்டு வெளியே வர மாட்டினார். மற்றதை இடப்பக்கத்துக்கு எடுத்து, பொட்டு உள்ளே போகும்படி திருப்பினார். இரவில் ஒன்றை மாற்றிவிட்டார், வேறு ரயரில் சந்தனத்தைத் தடவிவிட்டு இலக்கத்தை உள்ளே மறைக்கிறார் என்று எனக்கு உடனே தோன்றியது. எழும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம், அங்கே மூன்று ஆண்கள் நின்றார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே, அண்ணை, ரண்டு பொட்டும் வெளியிலை தெரியவேணும் என்றேன். அவர், ‘தங்கச்சி, உதைத் திருப்பிப் போட்டால்தான் சேத்துக்குச் சரி, அம்புக்குறி பார்த்து மாட்டவேணும்’ என்றார். நான், ‘கோயிலிலை வைச்ச பொட்டை உள்ளுக்கை மறைக்கிறது சரியில்லை’ என்றேன். அவர் ரயரைத் தரையில் சாய்த்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்கள் சாமியின் பொட்டோடு அவர் எப்படி வாதாடுவார். ‘சரி, பொட்டை மறைச்சன் எண்ட பேர் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லி நான் கேட்டபடியே மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து ஆளில்லாத நேரம் பார்த்தேன். 1125தான். அதே ரயர்தான், தேனு.

திங்கட்கிழமை அப்பா வயலில் இறக்கினார். பத்து யார் போகவில்லை, மெசின் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கச் சில்லு கட்டைகளுக்குள் சேற்றை அப்பிக்கொண்டு பனங்கட்டி மாதிரி உருண்டையாகிச் சும்மா சுற்றிக் கிடங்கு தோண்டியது, வலப்பக்கம் அசையாமல் நின்றது. மூன்று நாள் இழுத்தும் தள்ளியும் பார்த்தார்கள். நாகலிங்கத்தார் வரம்பில் நின்று அப்பாவைப் பார்த்து, ‘கோபி, உது டக் ரயர், பழசுக்குப் புதுத்தோல் ஒட்டிக் குடுத்திருக்கிறான்’ என்றார். அப்பாவுக்கு அது போதும். வியாழன் காலை மெசினைக் கட்டி இழுத்து வெளியே எடுத்தபோது நான் ஒழுங்கையில் நின்றேன். ஈர மண்ணில் இரண்டு தடமும் வடிவாகப் பதிந்திருந்தன. ஒரு தடத்தில் கட்டைகள் பதித்த அம்புகள் எல்லாம் வீட்டைப் பார்த்தன, மற்றதில் வயலைப் பார்த்தன. இலக்கம் இருக்கிற பக்கத்தை இரண்டிலும் வெளியே வைத்தால் ஒன்று பின்பக்கமாகத்தானே உருளும். பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் உள்ளே போய் உலை வைத்தேன்.

பத்து மணிக்கு அப்பா, வா கடைக்கு, நீயும் கண்ட சாட்சி என்று கூட்டிக்கொண்டு போனார். கடையில் ஏழெட்டுப் பேர். அப்பா இத்தனை வருஷமும் பேதுரு அண்ணையை நீங்கள் என்றுதான் கதைப்பார், அன்று வாசலிலேயே நீர் என்று இறங்கினார். டக் ரயரை வித்தனீரோ என்று கேட்டார். பேதுரு அண்ணை ஆறுதலாக, ‘ரயரிலை பிழை இல்லைக் கோபி, மாட்டினதிலைதான் பிழை, இடப்பக்கம் மாறிக் கிடக்குது, கொண்டுவாரும், அரை மணித்தியாலத்திலை திருப்பித் தாறன்’ என்றார். பிழை என்று தெரிந்து ஏன் மாட்டினீர் என்று அப்பா கேட்க, அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ‘என்ரை பிழைதான்’ என்றார். பின்னால் நின்ற ஒருவர், ‘ஒரு சில்லு யாழ்ப்பாணம் போகுதாம், மற்றது கொழும்புக்காம், கோபியைச் சந்தியிலை இறக்கி விடுமாம்’ என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அப்பா நீ என்று இறங்கினார். ‘வேணுமெண்டு செய்தனீ, உன்ரை மச்சான் ஜஸ்ரினின்ரை மெசினை நான் கூலிக்குப் பிடிக்கவேணும், அதுதானே உனக்கு’ என்றார். இனி உன்ரை கை என்ரை மெசினிலை படாது என்றும் சொன்னார். நான் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றேன். அன்றிரவு அவர் உனக்குச் சொன்னதும், நீ எழுதிப் போட்டதும் இதுதான். மெசின் முற்றத்தில் நிற்கிறது, ரயர் திருப்ப வேறு ஆள் தேடுகிறார், வயலில் தண்ணீர் ஏறுகிறது.

நேற்றுச் சந்தையில் பேதுரு அண்ணையின் மனைவி மேர்சியைக் கண்டேன். ‘உங்கடை மகன் போட்ட படம் நல்ல வடிவு, எங்கடை கடைப் பேர் ஒரு எழுத்துக் குறையாமல் தெரியுது’ என்றாள். கோபமாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். நான் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு, ஓம் என்று மட்டும் சொன்னேன். அவர்களுடைய கடைக்கு இந்த மூன்று நாளில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், மாரிதான் ரயர்க்காரருக்கு உழைப்பு. இதையெல்லாம் எழுதும்போதும் உனக்கு ஒளிக்கக் கூடாது, அவர் ஏன் பிழையைத் தன் தலையில் போட்டார் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். பெண்பிள்ளையை நாலு பேருக்கு முன்னால் வெட்கப்படுத்தக் கூடாது என்றா, அல்லது ஒருநாள் இதைச் சொல்லி என்னை மடக்கலாம் என்றா. முப்பது வருஷம் ரயர் மாட்டியவர், நான் ஒரு பொட்டைச் சொன்னதும் ஏன் விட்டுக்கொடுத்தார், நாங்கள் ஒரு பாடம் படிக்கட்டும் என்று விட்டாரா. நல்லவர் என்று ஒருவரை நினைக்க எனக்கு அவருடைய உட்பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் அம்மாவின் குணம் இது, உன்னைப் பதினெட்டு வயதில் வயிற்றில் வைத்துக்கொண்டு யாரை நம்புவது என்று தெரியாத காலத்தில் பழகியது, நல்லதுக்கும் உதவியிருக்கிறது. ஆனால் இந்த முறை ஏமாற்றியது நான் ஒருத்திதான். மனதில் இருந்தது இலக்கம், வாயில் சொன்னது பொட்டு. அந்த மனுஷன் மறுக்க முடியாத ஒன்றைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று பின்னேரம் சொல்ல நினைத்திருக்கிறேன், உனக்கு எழுதிவிட்ட பிறகு சொல்லாமல் இருக்க வழியில்லை. நீ அந்தப் பழைய காருக்குப் பனி ரயர் வாங்கப் போவதாகச் சொன்னாய். இலக்கம் பார்த்து வாங்கு, ஆறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் வேண்டாம், விற்கிறவன் சிரித்துச் சிரித்துக் கதைத்தால் இன்னொரு கடையும் பார். ஆனால் மாட்டுகிறவர் ஏதாவது சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேள். அறையில் உன்னோடு இருக்கிற பொடியன் உன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் பார்த்தேன், இரவலாகக் கொடுத்தாயா, எடுத்தானா என்று எழுது. எண்ணெய் வைத்து முழுகு, சோற்றைத் தவிர்க்காதே.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ போகிற வழிகளில் நல்ல மனிதர் எதிர்ப்படட்டும், எதிர்ப்பட்டால் உனக்கு அவர்களைத் தெரியட்டும். மறந்துவிடாதே, குழுவில் போட்டதை எடுப்பது மட்டும் போதாது, பிழை எங்கள் பக்கம் என்று அதே இடத்தில் எழுது. காரணம் கேட்டால் என் பெயரைப் போடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா
கோ. உதயகலா

பி.கு. வெள்ளிக்கிழமை எழுதுகிறேன், தபாற்கந்தோருக்குப் போக இன்றுதான் மழை விட்டது. ஞாயிறு பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன், அவர் இரவு சாப்பிடவில்லை. திங்கள் காலை மெசினைக் கொடிகாமத்துக்குக் கொண்டுபோனார், பேதுரு அண்ணை இடப்பக்கத்து ரயரைக் கழற்றித் திருப்பி மாட்டினார். புதன்கிழமைக்குள் பன்னிரண்டு பரப்பும் உழுது விதைத்தாகிவிட்டது. அப்பா நாகலிங்கத்தாரிடம் நடந்ததைச் சொன்னார், அவர் முழுவதும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, நேற்றுத் தன் லான்ட்மாஸ்ரருக்கு ரயர் மாற்றப் பேதுரு அண்ணையின் கடையைத் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போனார்.